இரண்டாவது கேள்வி

ஜூன் 9, திங்கள்

கூட்டம் மாலை ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு மாதா கோவில் பங்கு மண்டபத்தில் நானும் ஒரு பூனையும் மட்டும் இருந்தோம். பாதர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். வங்கி மேலாளர், சப்-இன்ஸ்பெக்டர் வேலுச்சாமி, ரீசார்ஜ் கடை காஜா மைதீன் எல்லாரும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"நேரத்துக்கு வந்தது மேடம் மட்டும்தான். அவங்களே குழுவை நடத்தட்டும்" என்றார் வேலுச்சாமி. எல்லாரும் கைதட்டினார்கள். இப்படியாக எழுபத்தைந்து வயதில் நான் ஒரு குழுவுக்குத் தலைவி ஆகியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களை ஏமாற்றுவது அதிகமாகிவிட்டது. அடுத்த தெரு சூசையா, போலீஸ் என்று சொல்லிப் பேசிய ஒருவனுக்குத் தன் ஓய்வுப் பணம் முழுவதையும் அனுப்பிவிட்டு, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். போலீஸுக்குத் தெரியும்போது பணம் போய்விடுகிறது. வங்கிக்குச் சந்தேகம் வந்தாலும் துருவிக் கேட்கத் தயக்கம். கடைக்காரர் கண்ணில் படுகிறது, ஆனால் யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரிவதில்லை. கோவில், வங்கி, காவல் நிலையம், கடை நான்கும் கைகோத்தால்? அதற்குத்தான் இந்த மூத்தோர் துணைக்குழு.

வீட்டுக்கு வந்து மீன் பொரிக்க மறந்து, பன்னும் காபியுமாக முடித்துக்கொண்டேன். என் கணவர் கேப்ரியேல் இருந்திருந்தால் "வாங்க தலைவியே" என்று எழுந்து நின்றிருப்பார். சும்மாவே நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பவர். கடைசி மாதம் கட்டிலில் கிடந்தபோதும் எழ முயன்றார்.

ஜூன் 12, வியாழன்

இன்று வங்கியில் கூடினோம். விதிகளை நான் எழுதினேன்.

வயதானவர் ஒருவர் பெரிய தொகையை எடுக்கவோ வேறு கணக்குக்கு மாற்றவோ வந்தால், கவுன்ட்டரில் இருக்கும் இசக்கியம்மாள் வேலையை நிறுத்திவிட்டு, "டீ சொல்லியிருக்கேன், இருங்க" என்று சொல்ல வேண்டும். டீ வருவதற்குள் அன்றைய முறைக்காரருக்கு, அதாவது குழுவில் அன்று பொறுப்பில் இருப்பவருக்கு, போன் போக வேண்டும். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்பார்.

ஒன்று: யார் சொல்லி வந்தீர்கள்? இரண்டு: யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொன்னார்களா? மூன்று: இன்றைக்கே முடிக்க வேண்டும் என்றார்களா?

மேலாளர் குழைந்தார். "குழு உறுப்பினர்களுக்கு வேணும்னா விதிவிலக்கு வச்சுக்கலாம் மேடம். உங்களை எல்லாம் போய் உட்கார வச்சு..."

"விதிவிலக்கு வைத்தால் அது விதி இல்லை" என்றேன். நான் படித்த கான்வென்டின் மதர் சுப்பீரியர் இதைத்தான் சொல்லியிருப்பார். இசக்கியம்மாள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வங்கியில் அப்படி இருக்கக் கூடாது.

டீ மோசம். ஏலக்காய் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. மாநகராட்சிக்குப் போன் செய்தேன். பலன் இல்லை. இங்கேயும் ஒரு குழு வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் வெற்றி! எழுதக் கை பரபரக்கிறது.

செலின் ரொட்ரிகோ என்னோடு கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்தவள். பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகு அவர் தம்பி மகன் ரோஷன் "பெரியம்மாவைப் பார்த்துக்கிறேன்" என்று வந்து தங்கினான். மருந்துக்கடைக்காரர்தான் காஜாவிடம் சொன்னார்: அந்தம்மா பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்கிறது, முழு அட்டை வாங்க அந்தப் பையன் காசு தருவதில்லை. காஜா என்னிடம் சொன்னார். நான் செலினிடம் கேட்டேன்.

"ஏட்டி பெர்னி, அவன் சின்னப் பையன். ஏடிஎம் கார்டு அவன்கிட்ட இருந்தா நல்லதுதானே? எனக்கு என்ன செலவு இருக்கு?" என்றாள். சொல்லும்போது கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கையில் கன்றிப்போன ஒரு நீலத் தடம். கட்டிலில் இடித்ததாம்.

பாதரும் வேலுச்சாமியும் நானும் இன்று போனோம். வேலுச்சாமி ஒரு வார்த்தை அதட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "தம்பிக்கு எங்க வேலை?" என்று விசாரித்தார். ரோஷன் உளறிக்கொட்டினான். செலின் அப்போது என்ன செய்தாள் தெரியுமா? உள்ளே போய் அவனுடைய பையை எடுத்து வந்து வாசலில் வைத்தாள்.

மாலைக்குள் வங்கியில் பழைய கார்டை முடக்கிவிட்டார்கள். செலின் குழுவில் சேர்ந்துவிட்டாள். பாவம், பெரிதாக உபயோகப்பட மாட்டாள். இருந்தாலும் இருக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கோயம்புத்தூரிலிருந்து மகள் ரீட்டாவின் போன். முதியோர் குடியிருப்பில் இன்னொரு வீடு காலியாம். நூலகம் இருக்கிறதாம். செவிலியர் எந்நேரமும் இருப்பாராம்.

"நான் நோயாளி இல்லை" என்றேன்.

"மம்மி, நான் இங்க ராத்திரியில தூங்குறதே இல்லை. சூசையா அங்கிளுக்கு நடந்த மாதிரி உங்களுக்கு ஏதாவது ஒண்ணு, ஒரே ஒண்ணு நடந்தாலும் நான் வந்து கையோட கூட்டிட்டுப் போயிருவேன். சரின்னு சொல்லுங்க."

"சரி" என்றேன். எனக்கு அப்படி நடக்கப் போவதில்லை என்பதால் சொன்னேன்.

கேப்ரியேல் துறைமுகத்தில் உழைத்துச் சேர்த்த வைப்புத்தொகை இருக்கிறது. அதன் வட்டியில்தான் இந்த வீடும், வேலைக்கு வரும் பெண்ணும், என் காபியும் நடக்கின்றன. அது இருக்கும்வரை நான் யாருடைய வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மாதா திருவிழாவின்போது மண்டபத்தில் ஒரு சிறு நாடகம் போடுகிறோம். ஏமாறும் கிழவியாக யார்? நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. செலின். அவளுக்குத்தான் அந்த முகம்.

முறைக்காரர்களுக்கான ஒத்திகையும் நடந்தது. செலின் மூன்று கேள்விகளில் ஒன்றை எப்படியும் விட்டுவிடுகிறாள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

"எனக்கு எங்கட்டி மனசுல நிக்கி? நீ சிஸ்டர் லூசியாவ விட மோசம்" என்றாள்.

"சிஸ்டர் லூசியா அடிப்பார். நான் அடிக்கவில்லை."

"அது ஒண்ணுதான் குறை."

காஜா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

ஜூன் 28, சனி

பத்திரிகையில் என் படம்! "மோசடிக்கு எதிராக மூத்த குடிமக்கள்: தலைவி பெர்னதெத் மச்சாது." சேலை மடிப்பு சரியாக விழவில்லை. ஐந்து பிரதி வாங்கினேன். ரீட்டாவுக்கு அனுப்பினேன். பெருமையாக இருக்கிறது என்று பதில் போட்டாள். குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு. டெல்லியிலிருந்து. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இங்கேயும் எழுதப் போவதில்லை.

இவ்வளவு மட்டும் எழுதலாம். அவர் வங்கிகளைக் கண்காணிக்கும் ஓர் உயர்ந்த பிரிவில் அதிகாரி. பெயர் திரு. மாத்தூர். பத்திரிகையில் என்னைப் பற்றிப் படித்திருக்கிறார். எங்கள் கிளையில் உள்ளேயே ஒரு திருட்டுக் கை இருக்கிறது, அதைப் பிடிக்க நாணயமான ஒரு வாடிக்கையாளரின் உதவி வேண்டும் என்றார். என்ன ஆங்கிலம்! இந்தக் காலத்தில் இப்படி நிதானமாக, வாக்கியத்தை முழுசாக முடித்துப் பேசுகிறவர்கள் உண்டா?

ஓடிபி கேட்கவில்லை. ரகசிய எண் கேட்கவில்லை. மோசடிக்காரன் கேட்கும் எதையும் கேட்கவில்லை. நான் அதையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டேன். இதைத்தானே ஊருக்குச் சொல்லித் தருகிறேன்!

பேச்சோடு பேச்சாகக் கேப்ரியேலைப் பற்றிக் கேட்டார். அவர் எழுந்து நிற்கும் பழக்கத்தைச் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

ஆச்சரியம். திரு. மாத்தூரும் பெண்களிடம் பேசும்போது, போனில்கூட, எழுந்து நின்றுதான் பேசுவாராம். அவருடைய அம்மா பழக்கியதாம்.

முருங்கைக்கீரை நன்றாக இருந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஆய்ந்தேன். வேலைக்கு வரும் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 4, வெள்ளி

திட்டம் தயார். என் வைப்புத்தொகையை முடித்து, அவர்கள் தரும் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தை உள்ளே யார் தடுக்கிறார்களோ, தாமதப்படுத்துகிறார்களோ அவர்தான் குற்றவாளி. இரண்டு நாளில் பணம் திரும்பி வந்துவிடும். இது தேச சேவை என்றார். எனக்குப் புல்லரித்தது. ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் கடிதம் தட்டெழுதியவளிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு பொறுப்பைத் தந்ததில்லை.

இதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கச் சொன்னார். காஜா கடைக்குப் போனேன்.

"ரெண்டாவது சிம்மு எதுக்குமா உங்களுக்கு?"

"வேண்டியிருக்கிறது."

"யாரும் வாங்கச் சொன்னாங்களா?"

"காஜா, கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். என்னிடமே கேட்காதீர்கள்."

அவர் சிம்மைத் தந்தார். மீதிச் சில்லறை தர வழக்கத்தை விட நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தலைவலி போலும்.

ஜூலை 7, திங்கள்

செலின் வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். "வேற என்னட்டி விசேஷம்?" என்று மூன்று விதமாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பதினொரு மணிக்கு முன்னால் அவளை அனுப்பிவிட்டேன். பொய் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் வேறு. கான்வென்டில் கோள் சொல்கிறவளைத்தான் மண்டியிட வைப்பார்கள்.

ஜூலை 9, புதன்

நாளை போகிறேன். சாம்பல் நிறப் பட்டுச்சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பரிசளிப்பு விழாவுக்கு முந்தின நாள் போல இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். ஒன்றையும் விடாமல்.

வங்கியில் கூட்டம் இல்லை. இசக்கியம்மாளிடம் காகிதங்களை நீட்டினேன். வைப்புத்தொகையை முடித்து இந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மணிக்குள், என்றேன். அவள் படித்தாள். முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"டீ சொல்லியிருக்கேன் மேடம். இருங்க."

"எனக்கு டீ வேண்டாம்."

"விதி மேடம்."

"என்னிடமே விதியா?"

"விதிவிலக்கு வச்சா அது விதி இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் எழுதி வச்சிருக்கேன்."

என் இதயம் துள்ளியது. தாமதப்படுத்துகிறவர்தான் குற்றவாளி! ஆக, இந்தப் பெண்தான்! அந்தச் சிரிப்பை நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன். மாத்தூரிடம் சொல்வதற்காக அவள் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவள் யாருக்கோ போன் செய்வதையும் பார்த்தேன். கூட்டாளிக்கு என்று நினைத்தேன்.

கூட்டாளி வந்தாள். செலின். மூச்சு வாங்க, வீட்டுச் செருப்போடு, வழியில் வாங்கிய மக்ரூன் பொட்டலத்தோடு. இன்றைக்கு அவள்தான் முறைக்காரி. பட்டியல் போட்டது நான். அது எனக்கு மறந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். டீ வந்தது.

"ஏட்டி பெர்னி, யாரு சொல்லி வந்திருக்க?"

"நானாகத்தான் வந்தேன்."

"சரி. இன்னைக்கே முடிக்கணும்னு சொன்னாவளோ?"

"இரண்டு மணிக்குள்."

"அப்ப சரி" என்றாள். ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி எழப் போனாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எத்தனை ஒத்திகை! எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தேன்!

"செலின், உட்கார். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாய்."

"எதட்டி?"

"இரண்டாவது கேள்வி."

"எனக்கு எங்க நிக்கி? நீயே சொல்லிக் குடு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒத்திகையில் சொல்லும் அதே குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொன்னார்களா?"

வங்கியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ம்" என்றாள் செலின். "சொன்னாவளா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "இல்லை" என்றால் பொய். "ஆமாம்" என்றால் வாக்குத் தவறியவள். வாயைத் திறந்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டீயின் மேல் ஆடை படிந்தது. நான் சொல்லிக் கொடுத்த கேள்வி என் முன்னால் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தது.

செலின் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நீலத் தடம் இருந்த அவள் கைதான் என் கையைப் பிடித்திருந்தது. தடம் இப்போது இல்லை.

"எனக்கும் சொன்னான்" என்றாள். "பெரியம்மா, இது நமக்குள்ள இருக்கட்டும்னு."

ஆடையை ஒதுக்கிவிட்டு டீயை முழுவதும் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள். காகிதங்களை இசக்கியம்மாளிடமிருந்து திருப்பி வாங்கி நான்காகக் கிழித்தேன். பிறகு அவளிடம், "நீ செய்தது சரி" என்றேன். அவள் அழுதுவிட்டாள். சிரித்துக்கொண்டேதான்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மீதியை இன்று எழுதுகிறேன். மீதிதான் அருமை.

வங்கியிலிருந்து நேராகக் காவல் நிலையம். வேலுச்சாமி ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கணக்கு எண்ணை உடனே மேலிடத்துக்குச் சொன்னார். "அவன் கூப்பிட்டா பேசிக்கிட்டே இருங்கம்மா. அந்தக் கணக்கை முடக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் வேணும். அவனுக்குச் சந்தேகம் வந்துட்டா அதுல கிடக்கிற மத்தவங்க பணத்தை வேற எங்கேயாவது இழுத்துருவான்."

இரண்டு மணிக்கு அழைத்தான். "குட் ஆஃப்டர்நூன், மிஸஸ் மச்சாது." என் வாழ்நாளில் இப்படி ஒரு நேரம் வந்ததில்லை. குரல் மணி போல வந்தது.

கணக்கு எண்ணை இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். சொன்னான். நான் தப்பாகத் திருப்பிச் சொன்னேன். திருத்தினான். கண்ணாடி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டேன். கிளை எந்தத் தெரு, தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்றுகூடக் கேட்டேன். என் நச்சரிப்பை ரீட்டா சின்ன வயதிலிருந்து பொறுத்திருக்கிறாள், இவனால் அரைமணிகூட முடியவில்லை. அந்த அழகான ஆங்கிலம் ஓரங்களில் பிய்ந்து, உள்ளே இருந்து வேறு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். செலின் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

வேலுச்சாமி கட்டை விரலை உயர்த்தினார். முடிந்தது.

"திரு. மாத்தூர், நின்றுகொண்டுதானே பேசுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஆஃப் கோர்ஸ், மேடம்."

"உட்காருங்கள். எனக்காக எழுந்து நிற்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது."

வைத்துவிட்டேன். அங்கே இருந்த காவலர்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கணக்கில் கோவில்பட்டியில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அன்று காலையில் போட்ட பணம் அப்படியே சிக்கியிருக்கிறதாம். அவருக்குத் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்றார் வேலுச்சாமி. ஆளைப் பிடிக்க நாளாகும், பிடிக்காமலும் போகலாம், என்றும் சொன்னார். அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ரீட்டா தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பணம் போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

இதை எழுதிவிட்டு, "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். போனை எடுத்தேன்.

முழுவதும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. கடைசியில், "மம்மி, நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்க. நான் வர்றேன்" என்றாள்.

"வா. திருவிழாவுக்கு வா. ஆனால் கேள். சிம் வாங்கினபோதே காஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் செலினிடம் சொல்லியிருக்கிறார். செலின் வீடு தேடி வந்திருக்கிறாள். நான் அசையவில்லை. வங்கியில் அந்தப் பெண் நிறுத்தினாள். கோயம்புத்தூரில் எனக்குச் செவிலியர் கிடைப்பார். நான் முட்டாளாகும்போது என்னை உட்கார வைத்து டீ கொடுக்க யார் இருக்கிறார்கள்?"

ரீட்டா அதற்கு வேறொரு கேள்வி கேட்டாள்.

"செலின் ஆன்ட்டி அன்னைக்கு வராம இருந்திருந்தா?"

"அடுத்த பெயருக்குப் போன் போயிருக்கும். பட்டியல் நான் போட்டது."

ரீட்டா சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றாள்.

ஜூலை 26, சனி

கொடியேற்றம். கடற்கரை வரை கூட்டம். ரீட்டா காலை ரயிலில் வந்துவிட்டாள். வந்ததும் காஜா கடைக்குப் போனாள், பிறகு இசக்கியம்மாளின் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து, குடியிருப்புக்காரர்களிடம் அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். பிறகு, பட்டியலில் வெளியூர்க்காரர் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். போனில் கேள்வி கேட்கலாம் அல்லவா என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். சேர்த்துவிட்டேன்.

மாலை மண்டபத்தில் கடைசி ஒத்திகை. நாளை நாடகம். செலினை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டேன்.

"உண்மையைச் சொல். அன்றைக்கு நிஜமாகவே மறந்தாயா?"

"எதையட்டி?"

"இரண்டாவது கேள்வியை."

"எனக்கு எங்க நிக்கி" என்றாள், மேடையைப் பார்த்துக்கொண்டு. பிறகு மூன்று கேள்விகளையும் வரிசை மாறாமல், ஒரு சொல் பிசகாமல், சிஸ்டர் லூசியாவே மெச்சும்படி ஒப்பித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

நான் எல்லாரையும் அழைத்து ஒரு மாற்றத்தை அறிவித்தேன். கேள்வி கேட்கும் முறைக்காரியாகச் செலின் நடிப்பாள். ஏமாறும் கிழவியின் பாத்திரத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அவளுக்கு அந்த முகம் இல்லை. நாளைக்கு மேடையில், அன்று வங்கிக்குக் கட்டிப்போன சாம்பல் நிறப் பட்டுச்சேலையைத்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறேன்.